துணி இறக்கை விமானத்தில் பெட்ரோல் டாங்க் கசிகிறது. கழற்றாமல் உள்ளே சீலண்ட் ஊற்றி அடைக்கலாமா?

இறக்கையின் அடித்துணியில் நீலக் கறையைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நல்ல துணியை வெட்ட மனம் வராது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஊற்றாதீர்கள். டாங்கை வெளியே எடுங்கள். அதுவரை பறக்க வேண்டாம், பாட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். துணிக்குள் பெட்ரோல் ஆவி தங்கும், ஒரு பொறி போதும்.

சிறு விமானங்களுக்குப் போடும் 100எல்எல் வகைப் பெட்ரோலில் நீலச் சாயம் இருப்பதால் கறை தெரிகிறது. ஆனால் கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்பதில்லை. பெட்ரோல் துணியோடு வழிந்து தாழ்வான இடத்துக்கு வந்துதான் சொட்டும்.

இதே சீலண்ட் யோசனையோடு ஒருவர் தன் விமானத்தை என்னிடம் கொண்டுவந்தார். இறக்கையில் அலுமினிய டாங்க். முழுக்க நிரப்பினால் சொட்டும், பாதிக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். அப்படியென்றால் அடியில் உள்ள ஃபிட்டிங்கோ ஹோஸோ காரணமில்லை, கசிவு மேல்பாதியில். அவருக்கு இஷ்டமில்லாமலே டாங்கை இறக்கினேன். டாங்கைப் பிடித்திருக்கும் பட்டைக்கு அடியில் உரசாமல் இருக்க வைத்திருந்த ஃபெல்ட் துணி ஈரம் குடித்து ஊறிக் கிடந்தது. அதை உரித்தால் வெள்ளைப் பொடி, அலுமினியம் அரித்ததன் அடையாளம். துடைத்துப் பார்த்தபோது ஊசி முனை அளவுக்குக் குழிகள், அதில் ஒன்று மறுபக்கம் வரை போயிருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் உள்ளே இருந்தது. முன்பு எப்போதோ யாரோ ஊற்றிய சீலண்ட் செதில் செதிலாக உரிந்து, வெளியேறும் வாயில் இருக்கும் வடிகட்டி வலையில் பாதியை மூடியிருந்தது. கசிவு என்றால் கறை படும், நாற்றம் வரும், நமக்குத் தெரிந்துவிடும். வலை முழுக்க அடைத்துக்கொண்டால் இன்ஜின் நிற்கும்போதுதான் தெரியும்.

"நான் ஊற்றினேன், வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை" என்று இங்கே யாராவது எழுதுவார்கள். ஆகாமல் இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. உள்பக்கம் சுத்தமாக இருந்தால் அது பிடிக்கும்தான். ஆனால் இறக்கைக்குள் மாட்டியிருக்கும் பழைய டாங்கை எப்படி அவ்வளவு சுத்தம் செய்வீர்கள்? எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் பழைய வகை சீலண்ட் பூச்சுகள் இளகிவிடுவதும் உண்டு.

டாங்கை இறக்கிய பிறகு, ஓட்டையை அடைக்கும் வெல்டிங்கை டாங்க் வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். காலி டாங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே ஆவி மிச்சம் இருந்தால் வெடிக்கும். நீராவி விட்டுக் கழுவி, பற்றவைக்கும்போது தீப்பிடிக்க விடாத மந்த வாயு நிரப்பித்தான் செய்ய வேண்டும். ஃப்ளக்ஸ் (பற்று நன்றாகப் பிடிக்கப் பூசும் ரசாயனம்) போட்டுப் பற்றவைத்திருந்தால் அதன் மிச்சத்தை முழுக்கக் கழுவுங்கள், இல்லையென்றால் அலுமினியத்தை அதுவே அரிக்கும். கசிவு சோதனைக்குக் கம்ப்ரசரை நேரடியாக மாட்டாதீர்கள். அரை பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றும் சோப்புத் தண்ணீரும் போதும். அதிகம் விட்டால் தட்டையான பக்கங்கள் பலூன் மாதிரி உப்பிவிடும்.

துணியைப் பற்றி இவ்வளவு பயம் வேண்டாம். அது வெட்டி ஒட்டத்தான் இருக்கிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி கையேட்டில் 2-ஆம் அத்தியாயம் முழுக்கத் துணி வேலைதான். விமானத்தில் ஏற்கனவே எந்த வகைப் பசையும் டோப்பும் (துணியை இறுக்கப் பூசும் திரவம்) போட்டிருக்கிறதோ அதையே போடுங்கள், கலக்காதீர்கள்.

கசிவுக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வேலையை யாரோ செய்துவிட்டு, விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக் புக்கில் கையெழுத்து மட்டும் கேட்டு என்னிடம் வருகிறார்கள். மாட்டேன் என்றால் தலைக்கனம் என்கிறார்கள். துணி மூடிய பிறகு உள்ளே இருப்பதை நான் எப்படிப் பார்ப்பது? பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போட்டால், அடுத்து அதில் ஏறுகிறவருக்கு யார் பொறுப்பு?

சரி, உங்கள் டாங்குக்கு வருகிறேன். திரும்ப மாட்டும்போது ஃபெல்ட்டைப் புதிதாகப் போடுங்கள், கேஸ்கட்டுகளையும் மாற்றிவிடுங்கள். துணியை ஒட்டுவதற்கு முன்பே டாங்கை நிரப்பி ஒரு ராத்திரி விட்டு, காலையில் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நீலம் ஒட்டவில்லை என்றால் மூடலாம்.