மணற்கல்லின் கதிரியக்கம்: கேள்வி பதில்

கோத்தகிரி வாசகர்: தேயிலைத் தோட்டத்தில் கிடைத்த, கையால் நொறுங்கும் பழுப்புக் கல் பழைய மணற்கல்தானே?

அன்று. நீலகிரியின் பாறை சார்னோகைட். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது. மழையில் அதன் பெல்ஸ்பார் என்னும் கனிமம் களிமண்ணாகிவிட, கரையாத குவார்ட்ஸ் மணிகள் எஞ்சுவதால் மணற்கல்லைப் போலத் தோன்றுகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: முதிர்ந்த மணற்கல்லின் மணிகள் உருண்டு தேய்ந்திருக்கும், இதிலோ கோணல் மணிகளுக்கு நடுவே சிவந்த கார்னெட் தென்படலாம். நனைக்காமல் உடைக்காதீர்கள்; குவார்ட்ஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

உதகை வாசகர்: கோவையைவிட இங்கே கதிரியக்கத்தை எண்ணும் கைகர் கருவி அதிகம் காட்டுகிறதே, பாறையாலா?

வானத்தையும் கணக்கில் சேருங்கள். 2,200 மீட்டர் உயரத்தில், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைத் தடுக்கும் காற்று குறைவு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உதகையில் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் நடத்துவது சும்மா இல்லை.

கொடைக்கானல் வாசகர்: பழைய மணற்கல்லுக்குக் கதிரியக்கம் எங்கிருந்து வருகிறது?

தூய குவார்ட்ஸ் மணலில் அநேகமாக ஒன்றுமில்லை. பெல்ஸ்பார் கலந்திருந்தால் பொட்டாசியம் வரும். அதன் பத்தாயிரம் அணுக்களில் ஏறத்தாழ ஒன்று, 125 கோடி ஆண்டு அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) கொண்ட, கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. அடுத்து, யுரேனியமும் தோரியமும் தாங்கிய சிர்கான், மோனசைட் என்னும் கனிமங்கள். எடை மிகுந்த இம்மணிகளை, மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை செய்வதுபோலவே, பழைய ஆறுகளும் அரித்தெடுத்துக் கரும்பட்டைகளாகப் படிய வைத்தன. கருவியை அப்பட்டையின்மேல் வைத்தால் எண்ணிக்கை உயரும். ஒரு சாண் தள்ளி வைத்தாலே தணிந்துவிடும். மூன்றாவது, பின்னால் வந்து சேர்ந்தது: ஆக்சிஜன் உள்ள நிலத்தடி நீரில் கரைந்து செல்லும் யுரேனியம், மக்கிய தாவரங்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்ட இடத்தில் படிந்துவிடுகிறது. அமெரிக்காவின் கொலராடோ பீடபூமி மணற்கற்களில் கார்னோடைட் என்னும் மஞ்சள் யுரேனியக் கனிமம் கிடைப்பதன் பின்னணி இதுதான்.

குன்னூர் வாசகர்: ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் சிர்கானுக்கு 440 கோடி வயதென்றால், பாறைக்கும் அதுதானே?

இல்லை. அம்மணி எப்போதோ அழிந்த வேறொரு பாறையிலிருந்து அடித்து வரப்பட்டது. அதைத் தாங்கும் கூழாங்கற் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுக்கு முன்தான் படிந்தது.

குன்னூர் வாசகர்: சிர்கான் அப்பாறையிலேயே வளர்ந்திருக்கக் கூடாதா?

வளரும், ஆனால் பழைய மணியைச் சுற்றிய மெல்லிய விளிம்பாக. அயனிக் கற்றையால் நடுவையும் விளிம்பையும் தனித்தனியே அளக்கிறார்கள். நடுவின் வயதை விளிம்பின்மேல் ஏற்ற முடியாது. படிவு இதைவிடப் பழையதாக இருக்க முடியாது என்று வரம்பு சொல்வது அதிலுள்ள மிக இளைய அடித்துவரப்பட்ட மணிதான். மிக முதியது அன்று.

கேத்தி வாசகர்: என் கல்லில் யுரேனியம் இருந்தால் என்ன விலை போகும்?

விலையா! சாதாரணக் கல்லில் பத்து லட்சத்தில் சில பங்குதான் யுரேனியம். உடைத்துப் பார்க்க வேண்டுமானால், நனைத்துவிட்டு உடையுங்கள்.