ஒன்றரை மடங்கு வேகம்

அன்புள்ள ஐயா,

யூத இனப்படுகொலையில் தப்பியவர்களைப் பற்றிய படங்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். க்ளாட் லான்ஸ்மானின் 'ஷோவா' ஆவணப்படத்தை (1985) ஒன்றரை மடங்கு வேகத்தில், மொழிபெயர்ப்பாளர் பேசும் இடங்களைத் தாண்டி, இரண்டே நாளில் முடித்தேன். பழைய முகாம் காட்சிகள் ஒன்றுகூட இல்லாதது குறையாகப் பட்டது. அடுத்து பார்க்க ஐந்து படங்கள் சொல்வீர்களா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பட்டியல் அப்புறம். பழைய காட்சிகளைப் பற்றி லான்ஸ்மானே நிறையப் பேசிவிட்டார், விடுங்கள். அந்த ஒன்றரை மடங்குதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

போலந்து விவசாயி போலிஷில் பேசும்போது திரையில் எழுத்து வராது. மொழிபெயர்க்கும் பெண் பிரெஞ்சில் சொல்லும்போதுதான் வரும். முதலில் முகம், பிறகு பொருள். சிரித்துக்கொண்டே சொன்னது என்னவென்று பின்னால் தெரியும்போதுதான் அந்தச் சிரிப்பு உறைக்கும். நீங்கள் தாண்டியது அதைத்தான்!

ஆபிரகாம் போம்பாவை எப்படிப் பார்த்தீர்களோ. போலந்தில் நாஜிகள் நடத்திய த்ரெப்ளிங்கா கொலைமுகாமில், விஷவாயு அறைக்குள்ளேயே பெண்களின் முடியை வெட்டவைக்கப்பட்டவர். தொழிலை விட்டுவிட்ட அவருக்காக இஸ்ரேலில் ஒரு சலூனை வாடகைக்குப் பிடித்து, நாற்காலியில் ஓர் ஆளை உட்காரவைத்து, கையில் கத்தரியைக் கொடுக்கிறார் லான்ஸ்மான். கத்தரி சும்மா நுனியைத்தான் கொறிக்கிறது, முடி குறைவதாகவே தெரியாது. கை ஓடும்வரை பேச்சும் ஓடுகிறது. கூட வேலைசெய்த ஊர்க்காரரின் மனைவியும் சகோதரியும் உள்ளே வந்ததைச் சொல்ல வரும்போது நின்றுபோகிறது. துண்டால் முகம் துடைக்கிறார். தொடரச் சொல்கிறார் லான்ஸ்மான். வேண்டாமே என்று கெஞ்சுகிறார் போம்பா. கேமரா முகத்தை விடவில்லை. 16 மி.மீ. ஃபிலிமில் 400 அடிச் சுருள் 11 நிமிடம்தான் ஓடும். அந்தச் சுருளை ஒரு மௌனத்துக்குச் செலவழித்திருக்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் தள்ளுபடியில் கழித்துவிட்டீர்கள்.

சிட்னி லூமெட்டின் 'த பான்புரோக்கர்' (1964) இதற்கு நேரெதிர். முகாமில் தப்பி, நியூயார்க்கில் அடகுக்கடை வைத்திருக்கும் நாஸர்மனுக்கு நாய்க் குரைப்பு கேட்டதும் முகாம் கண்முன் வெட்டிப்போகும். இரண்டே ஃபிரேம், 1/12 நொடி. மறுபடி மறுபடி வந்து கொஞ்சம் கொஞ்சமாக நீளும். உங்கள் வேகத்தில் அது 1/18 நொடி. (பார்த்தால் ஒரு படம் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.)

கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாளை இதற்கென்று ஒதுக்கிய பிள்ளையைத்தான் திட்ட முடியும். மொத்தம் 566 நிமிடம். இரண்டு பகுதிகளையும் பாதிபாதியாக்கினால் நான்கு மாலை, மாலைக்கு இரண்டே கால் மணிக்குச் சற்று மேல். சலூன் காட்சி மூன்றாம் மாலையில் வரும். ரிமோட்டை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.