பன்றிச் சிறுநீரகத்தை மனித உடல் ஏற்குமா? கேள்வி பதில்

மரபணு மாற்றிய பன்றியின் உறுப்பை மனிதருக்குப் பொருத்துவது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். உறுப்பு மாற்றுக்கு முன் பொருத்தம் பார்க்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. அதனால் நிராகரிப்பு, அதாவது வேற்று உறுப்பை நம் உடல் எதிர்த்துத் தாக்குவது, பற்றிய கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: குரங்குதானே நமக்கு நெருக்கம்? ஏன் பன்றி, சார்?

குரங்கினத்தில்தான் முதலில் தொடங்கினார்கள். 1960களில் அமெரிக்காவில் கீத் ரீம்ட்ஸ்மா சிம்பன்சியின் சிறுநீரகங்களைப் பொருத்தினார். ஒருவர் 9 மாதம் வாழ்ந்தார், மற்றவர்களுக்கு அவ்வளவு நாள் கிடைக்கவில்லை. குரங்கினம் மெதுவாக வளரும், குட்டி குறைவு, அதன் கிருமிகள் நமக்கு எளிதில் தாவும். பன்றி ஒரே ஈற்றில் பல குட்டி போடும், சீக்கிரம் வளரும், உறுப்பின் அளவும் நமக்குப் பொருந்தும்.

கேள்வி: மாற்றம் செய்யாத பன்றியின் சிறுநீரகத்தை அப்படியே வைத்தால் என்ன ஆகும்?

சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் போய்விடும். ரத்தக் குழாயை இணைத்துக் கவ்வியை எடுத்ததும் உறுப்பு இளஞ்சிவப்பாக மாறும், பார்க்க நன்றாகவே இருக்கும். அப்புறம் திட்டுத் திட்டாக நீலம் பாய்ந்து, கறுத்து, வீங்கிவிடும். சிறுநீர் வராது.

காரணம் ஒரு சர்க்கரை. பன்றியின் ரத்தக் குழாய்ச் சுவர்களில் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரை மூலக்கூறு ஒட்டியிருக்கிறது. நம் முன்னோர் பரிணாமத்தில் அதை எப்போதோ இழந்துவிட்டார்கள். ஆனால் நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களிடம் அதே போன்ற சர்க்கரை உண்டு. அதனால் குழந்தைப் பருவத்திலேயே அதற்கு எதிரான ஆன்டிபாடி நம் ரத்தத்தில் உருவாகிவிடுகிறது. பன்றியைத் தொட்டே பார்க்காதவருக்கும் இருக்கும். அந்த ஆன்டிபாடி போய் ஒட்டியதும் காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுதி விழித்துக்கொண்டு குழாய்ச் சுவரின் செல்களைத் துளைக்கிறது. ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது.

கேள்வி: ஒரு செய்தியில் 10 மரபணு, இன்னொன்றில் 69 மாற்றம் என்கிறார்கள். எதைத்தான் மாற்றுகிறார்கள்?

இரண்டும் வேறு வேறு நிறுவனங்களின் பன்றிகள். ரிவிவிகாரின் பன்றியில் 10 மாற்றம். அதில் மூன்று, சர்க்கரைகளை நீக்குபவை: ஆல்ஃபா-கேல், அதோடு நம் ஆன்டிபாடிகள் பிடித்துக்கொள்ளும் இன்னும் இரண்டு. ஆறு, மனித மரபணுக்களைச் சேர்ப்பவை. சிடி46, சிடி55 இரண்டும் காம்ப்ளிமென்ட்டை அடக்கும். திராம்போமாடுலினும் இபிசிஆரும் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும். சிடி47, வேற்றுச் செல்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களிடம் "இது நம்ம ஆள்தான்" என்று அடையாளம் காட்டும். எச்ஓ-1 அழற்சியைத் தணிக்கும். பத்தாவது, வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பியை நிறுத்துவது. இல்லாவிட்டால் இதயம் பன்றியின் அளவுக்கே வளர்ந்து மார்புக் கூட்டுக்குள் நெருக்கும்.

இஜெனசிஸின் பன்றியில் மூன்று சர்க்கரை நீக்கம், ஏழு மனித மரபணு. மீதி 59ம் நிராகரிப்புக்காகச் செய்தவை அல்ல. பன்றியின் டிஎன்ஏவுக்குள்ளேயே பழைய ரெட்ரோவைரஸ்கள் தைத்துக் கிடக்கின்றன. அவை நமக்குத் தொற்றிவிடாமல் இருக்க, அவற்றின் 59 பிரதிகளைக் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் முடக்கியிருக்கிறார்கள். அதனால் 69 என்பது 10ஐவிட ஏழு மடங்கு நல்லது என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். எத்தனை மாற்றம் போதும் என்பதே இன்னும் முடிவாகவில்லை. 2021 செப்டம்பரில் நியூயார்க்கில் ராபர்ட் மான்ட்கோமரி குழு, ஆல்ஃபா-கேல் மட்டும் நீக்கிய பன்றியின் சிறுநீரகத்தை மூளைச்சாவு அடைந்த ஒருவரின் தொடை ரத்தக் குழாய்களில், உடலுக்கு வெளியே இணைத்துப் பார்த்தது. உடனே சிறுநீர் சுரந்தது. கவனித்த 54 மணி நேரமும் நிராகரிப்பின் அறிகுறி இல்லை.

கேள்வி: பிறந்த குட்டிக்கு ஊசி போட்டு மரபணுவை மாற்றுவார்களா?

இல்லை. பன்றியின் தோல் செல் போன்ற ஒன்றை ஆய்வகத்தில் வளர்த்து அதில் திருத்துவார்கள். திருத்தம் சரியாக விழுந்த செல்லின் உட்கருவை, உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்து, கருவைத் தாய்ப்பன்றிக்குள் செலுத்துவார்கள். டாலி ஆட்டை உருவாக்கிய அதே குளோனிங் முறைதான். சுமார் 114 நாளில் குட்டி பிறக்கும்.

கேள்வி: என் மாமியாருக்குப் பன்றி வால்வு வைத்து வருஷக்கணக்காகிறது. அவருக்கு இப்படி எதுவும் ஆகவில்லையே?

அந்த வால்வு குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்திய திசு. அதில் உயிருள்ள செல் கிடையாது. சிறுநீரகமோ உள்ளே வந்து உயிரோடு வேலை செய்ய வேண்டும்.

கேள்வி: மரபணு மாற்றிய பன்றி இதயம் வைத்த முதல் ஆள் இரண்டே மாதத்தில் இறந்தாரே, அண்ணா. மரபணு மாற்றம் தோற்றதாகத்தானே அர்த்தம்?

அப்படிச் சொல்ல முடியாது. டேவிட் பென்னட்டுக்கு 57 வயது, வேறு வழியே இல்லாத நிலை. 2022 ஜனவரி 7 அன்று பால்டிமோரில் அறுவை நடந்தது. உடனடி நிராகரிப்பு வரவே இல்லை, இதயம் வாரக்கணக்கில் நன்றாகத் துடித்தது. மார்ச் 8 அன்று இறந்தார். பிறகுதான், அந்த இதயத்தில் பன்றியின் சைட்டோமெகலோ வைரஸ் ஒளிந்திருந்தது உறுதியானது. முன்னால் செய்த பரிசோதனைகளில் அது சிக்கவில்லை. மரணத்துக்கு அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. அவர் உடல் ஏற்கெனவே மிகவும் தளர்ந்திருந்தது. ஆனால் அதற்குப் பிறகு பன்றிகளைச் சோதிக்கும் முறை கடுமையானது.

கேள்வி: இவ்வளவு மாற்றிய பிறகும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை வேண்டுமா?

வேண்டும். சில சமயம் மனித உறுப்புக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாகவே. மேலே சொன்ன மாற்றங்கள் முதல் வாசலைத் திறந்துவிடுகின்றன, அவ்வளவுதான். பன்றிக்கும் நம் எச்.எல்.ஏ. போன்ற தனி அடையாளப் புரதங்கள் உண்டு. அவற்றை நம் எதிர்ப்பாற்றல் படையின் டி செல்கள் கண்டுகொள்ளும். 2024 மார்ச்சில் பாஸ்டனில் பன்றிச் சிறுநீரகம் பெற்ற ரிச்சர்ட் ஸ்லேமனுக்கு எட்டாம் நாளே டி செல் நிராகரிப்பு வந்தது, மருந்தால் அடக்கினார்கள். மே மாதம் அவர் இறந்தார். உறுப்பு அதற்குக் காரணம் என்பதற்கான அறிகுறி இல்லை என்று மருத்துவமனை சொன்னது.

டொவானா லூனியின் கதை எனக்கு மறக்கவே மறக்காது. 1999இல் தன் அம்மாவுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தவர். பிறகு கர்ப்பகாலச் சிக்கலில் மிஞ்சிய ஒன்றும் கெட்டது. ரத்தத்தில் பிற மனிதரின் திசுவைத் தாக்கும் ஆன்டிபாடி அதிகம் என்பதால் பொருந்தும் மனிதச் சிறுநீரகம் கிடைக்கவில்லை. 2024 நவம்பரில் பன்றியுடையதை வைத்தார்கள். 130 நாள் வேலை செய்தது. அதோடு சம்பந்தமில்லாத ஒரு தொற்று வர, அதைக் குணப்படுத்த, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைத்தார்கள். உடனே நிராகரிப்பு வந்துவிட்டது, எடுக்க வேண்டியதாயிற்று. மருந்தைக் கூட்டினால் தொற்று, குறைத்தால் நிராகரிப்பு. மரபணு மாற்றத்தில் இனி மிச்சமிருக்கும் பெரிய வேலை இந்த இடுக்கிலிருந்து நோயாளியை மீட்பதுதான் என்பது என் கருத்து. அவருக்கு அடுத்து, டிம் ஆண்ட்ரூஸுக்கு வைத்தது 271 நாள் இருந்தது.

கேள்வி: நான் முஸ்லிம். பன்றி உறுப்பு என்றாலே வீட்டில் ஏற்கமாட்டார்கள்.

மார்க்கத் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை, உங்கள் ஆலிம்களிடம் கேளுங்கள். ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன்: பென்னட்டின் அறுவைக்குப் பின்னால் இருந்த ஆய்வாளர் முகமது மொஹியுத்தீன் பாகிஸ்தானில் பிறந்த முஸ்லிம்.

கேள்வி: அப்பா டயாலிசிஸில் இருக்கிறார். இது வரும்வரை காத்திருக்கலாமா, டாக்டர்?

நான் மருத்துவர் இல்லை, ஆய்வகத்தில் இருப்பவன். ஆனாலும் சொல்கிறேன்: காத்திருக்காதீர்கள். இது இப்போது அமெரிக்காவில் சோதனை நிலையில்தான் இருக்கிறது. குடும்பத்தில் யாராவது தர முடியுமா என்று பாருங்கள். இல்லையென்றால், நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால், மருத்துவமனை மூலம் மாநில உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் பதிவு செய்யுங்கள். இன்னொன்று: ரத்தம் ஏற்றச் சொன்னால், கட்டாயம் தேவையா, ரத்தம் ஊறச் செய்யும் ஊசி மருந்தால் சமாளிக்க முடியுமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்றும் ரத்தத்தாலும் எச்.எல்.ஏ. ஆன்டிபாடி உருவாகலாம். அது கூடினால் பொருந்தும் மனிதச் சிறுநீரகம் கிடைப்பது கடினமாகும். அவற்றில் சில பன்றி செல்களையும் தாக்குபவை.