டர்பனில் வீட்டு முற்றத்துச் சிங்கப்பூர் டெய்சி கடற்கரைக்கு எப்படிக் கேடாகிறது?

அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இக்கொடி, கவனிப்பே இல்லாமல் ஆண்டு முழுவதும் மஞ்சளாகப் பூப்பதால் தரையை மூடுவதற்காக நடப்பட்டது. இதன் கேடு விதையைவிடத் தண்டால்தான் வருகிறது. தண்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள், மண்ணைத் தொட்ட கணுக்களிலெல்லாம் வேர் இறங்கியிருக்கும். ஆகவே, கத்தரித்த கழிவை மணல்மேட்டோரம் கொட்டினால், ஒரேயொரு கணு உள்ள துண்டுகூடப் புதுச் செடியாகி, உவர்க்காற்றையும் தாங்கிக்கொண்டு பாய் விரித்ததுபோல் படர்ந்து, மணலைப் பிடித்து நிறுத்தும் உள்ளூர்ச் செடிகளின் நாற்றுகளுக்கு ஒளியும் இடமும் இல்லாமல் செய்துவிடுகிறது.

நம்மவர்கள் இதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று எண்ணிவிடுவது எளிது. ஆனால் அதன் இலை மடலின்றி நீண்டிருக்கும், இதன் இலையோ பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். மருந்தென்று பறித்துவிடாதீர்கள்.

தென்னாப்பிரிக்காவின் 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், டர்பன் உள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இந்த டெய்சியை 1பி வகையில் வைத்துள்ளன. விற்கவோ நடவோ கூடாது, நிலத்தில் இருந்தால் கட்டுப்படுத்தியாக வேண்டும். சிவபூசைக்கென்று நாம் ஆசையாய் வளர்க்கும் மஞ்சள் அரளியும் அதே வகைதான். டெய்சியை வேரோடு பிடுங்கி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, முழுவதும் அழுகும்வரை வெயிலில் வையுங்கள். உரக்குழியில் மட்டும் போடாதீர்கள்.