சாட்டில் வாயாடி, சித்தி வந்தால் மௌனம்: பள்ளி ஆலோசகரிடம் சில கேள்விகள்

பத்தாவது படிக்கும் என் மகள் நாள் முழுக்க இன்ஸ்டாகிராமில்தான் பேசுகிறாள். சித்தி வீட்டுக்கு வந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். பேசவே மறந்துவிட்டாளா மேடம்?

மறக்கவில்லைம்மா, பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. சாட்டில் ஒரு பதிலை நாலு தடவை அழித்து எழுதலாம், பிடிக்காவிட்டால் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிடலாம். சித்தி முன்னால் அது நடக்காது. கேட்டதும் பதில் சொல்ல வேண்டும், அவர் முகம் மாறினால் கவனித்துச் சமாளிக்கவும் வேண்டும்.

முகத்தைப் படிக்கும் இந்தத் திறமை திரும்ப வருமா? லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேர் ஐந்து நாள் திரையே இல்லாத முகாமில் இருந்தார்கள். அடுத்தவர் முகபாவத்தை வைத்து உணர்ச்சியைச் சொல்வதில், வழக்கம்போல் திரையோடு இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் நன்றாக முன்னேறினார்கள். சின்ன ஆய்வுதான். திரை இல்லாததால் வந்ததா, கூட்டாளிகளோடு சுற்றியதால் வந்ததா என்று பிரிக்கவும் முடியாது. எதுவானாலும் ஐந்தே நாள் என்பது எனக்குத் தெம்பாக இருக்கிறது.

அப்புறம், சித்தி வந்ததும் "மார்க் எவ்வளவு?" என்று ஆரம்பிப்பவர் என்றால் நானும் கதவைச் சாத்தியிருப்பேன்.

ஆஸ்திரேலியாவில் தடையே போட்டுவிட்டார்கள். நானும் போனைப் பிடுங்கி வைக்கலாமா?

2025 டிசம்பர் 10 முதல் அங்கே 16 வயதுக்குட்பட்டவர்கள் பெரிய சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. ஆனால் அபராதம் நிறுவனங்களுக்குத்தான், பிள்ளைக்கோ அப்பாவுக்கோ இல்லை. நீங்கள் திடீரென்று பிடுங்கினால் பிள்ளைக்கு நண்பர்களும் சேர்ந்தே போய்விடுவார்கள். அந்த நேரத்தில் போய் விளையாட ஆளும் இடமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாருடைய போனும் அலமாரியில் இருக்கட்டும், உங்களுடையதும்தான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வரை பரவாயில்லை?

சமூக வலைத்தளத்தில் தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் மனச்சோர்வு, பதற்றத்துக்கான அறிகுறிகள் வரும் அபாயம் இரட்டிப்பு என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரான சர்ஜன் ஜெனரல் 2023இல் எச்சரித்தார். நான் மணிக்கணக்கைவிடத் தூக்கத்தைத்தான் முதலில் விசாரிப்பேன்.

நான் பிளஸ் ஒன். ஆன்லைன் கேமில் நன்றாகப் பேசுவேன். நேரில் வார்த்தையே வராது. தப்பா மேடம்?

தப்பே இல்லை தம்பி. கூச்சம் உள்ளவர்களுக்கு அது ஒரு திண்ணை மாதிரி. அங்கிருந்து மெதுவாகத் தெருவில் இறங்கு. மருந்துக்கடையில் நீயே கேட்டு வாங்கு, மெசேஜ் அனுப்பும் நண்பனை ஒரு நாள் கூப்பிட்டுப் பேசு. நெஞ்சு படபடத்துப் பள்ளிக்கே போகப் பிடிக்கவில்லை என்றால் அது வெறும் கூச்சம் இல்லை; அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடு, இலவசம்தான். முதல் வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டே பேசலாம்.