கம்ப்யூட்டருக்கு வீட்டிலேயே சில்லர்: எவ்வளவு குளிர் போதும்?

கேள்வி: வீட்டில் 3டி ரெண்டரிங் வேலை செய்கிறேன். கம்ப்யூட்டரில் இன்டெல் ஐ9 14900கே பிராசசரும் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டும் உள்ளன. இரண்டுக்கும் வாட்டர் கூலிங் போட்டிருக்கிறேன். இருந்தும் கோடையில் பிராசசர் 100 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பழைய 1 டன் விண்டோ ஏசி ஒன்று சும்மா கிடக்கிறது. அதன் கூலிங் காயிலைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, அந்தத் தண்ணீரைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பலாமா? 5 டிகிரி வரை குளிர வைக்க ஆசை. (வாசகர், சென்னை)

பதில்: செய்யலாம், வேலை செய்யும். ஆனால் 5 டிகிரி ஆசையை விட்டுவிடுங்கள். சென்னையில் அந்தக் குளிரில் தண்ணீரை ஓடவிட்டால் குழாய், பிளாக் (சிப்பின் மேல் உட்காரும், உள்ளே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டி), மதர்போர்டு எல்லாம் வியர்த்துக் கொட்டும்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் நனைவது எல்லோரும் பார்த்ததுதான். காற்றில் உள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீராகப் படியத் தொடங்குகிறதோ அதைப் பனிநிலை என்கிறோம். வெளியே 34 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை சுமார் 26 டிகிரி. அதாவது ஏசி இல்லாத அறையில் 25 டிகிரித் தண்ணீரே வியர்க்க வைத்துவிடும். அதே வீட்டில் கதவு மூடி ஏசி ஓடும் அறையில் 25 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் இருந்தால் பனிநிலை 14 டிகிரிக்கு இறங்கிவிடும். அங்கே 18 டிகிரித் தண்ணீர் எந்த இன்சுலேஷனும் இல்லாமல் பத்திரமாக ஓடும். பனிநிலைக்கு மேலே 3, 4 டிகிரி இடைவெளி விட்டுத் தண்ணீரை நிறுத்துங்கள். உங்கள் சில்லரின் (தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின்) மற்ற முடிவுகள் எல்லாம் இந்த ஒரு எண்ணிலிருந்துதான் வரவேண்டும். ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வையுங்கள்.

பனிநிலைக்குக் கீழே போக வழி இல்லாமல் இல்லை. பிராசசர் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றி நியோப்ரீன் ரப்பர், போர்டின் பின்பக்கம் இன்சுலேஷன், பின்களுக்கு இடையே மின்கடத்தாத கிரீஸ் என்று அடைத்து, ஓவர்கிளாக்கிங் (பிராசசரை வரம்புக்கு மேல் வேகமாக ஓட்டும்) போட்டிக்காரர்கள் செய்கிறார்கள். அவர்களுக்குச் சில மணி நேரம் தாங்கினால் போதும். இரவெல்லாம் ரெண்டர் ஓடும் வேலைக்கு அந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

சரி, 18 டிகிரியில் என்ன லாபம்? கோடையில் ரேடியேட்டரை மட்டும் நம்பினால் தண்ணீர் அறைக் காற்றைவிடக் குளிராது. முழு லோடில் 38, 40 டிகிரிக்குப் போய்விடும். தண்ணீர் 20 டிகிரி இறங்கினால், அதே வாட் எரியும்போது சிப்பும் ஏறக்குறைய 20 டிகிரி இறங்கும். ஆனால் 14900கே மாதிரி பிராசசரில் பவர் வரம்பைத் திறந்து விட்டிருந்தால், கிடைத்த குளிரை வேகமாக மாற்றிக்கொண்டு சூட்டில் மறுபடி ஏறிவிடும். ஆகவே தொட்டி, பம்ப் எதையும் வாங்கும் முன் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பியுங்கள். 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் அதிக வோல்டேஜால் நிலைகுலையும் சிக்கலுக்கு இன்டெல் 2024 ஆகஸ்டிலிருந்து பயாஸ் வழியாக வரும் மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரல்) திருத்தங்கள் வெளியிட்டது. அதைப் போட்டு, பவர் வரம்பை இன்டெல் சொல்லும் 253 வாட்டில் வைத்துப் பாருங்கள். அதிலேயே 100 டிகிரி பிரச்சினை தீர்ந்துவிட்டால் சில்லர் தேவையே இல்லை.

தீரவில்லை என்றால் வெப்பக் கணக்குக்கு வருவோம். பிராசசர் 253 வாட், கார்டு 450 வாட், மொத்தம் 700 வாட் என்று வையுங்கள். 1 டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் சுமார் 3,500 வாட். உங்கள் தேவையைப்போல் ஐந்து மடங்கு. இது நல்லது என்று தோன்றும், ஆனால் இதுதான் தலைவலி. 20 லிட்டர் தொட்டியில் 3 டிகிரி ஏற்ற இறக்கம் வைத்தால் கம்ப்ரஸர் ஒன்றரை நிமிடத்தில் தண்ணீரைக் குளிர்வித்து நின்றுவிடும், ஆறு நிமிடத்தில் மறுபடி ஓடும். மணிக்கு எட்டு ஸ்டார்ட். இப்படி அடிக்கடி நின்று ஓடினால் கம்ப்ரஸரின் ஆயுள் குறையும். தொட்டியை 60 லிட்டராக்கினால் நாலரை நிமிடம் ஓட்டம், 18 நிமிடம் ஓய்வு. மணிக்கு மூன்று ஸ்டார்ட்டுக்குள் அடங்கும். அதனால் ஏசியைப் பயன்படுத்துவதாக இருந்தால் தொட்டி பெரிதாகவே இருக்கட்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த ஏசியைத் தொடமாட்டேன். ஆபீஸ், பள்ளிகளில் நிற்கும் ஸ்டீல் வாட்டர் கூலர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடுவேன். 40/80 என்று போட்டிருக்கும்: மணிக்கு 40 லிட்டர் குளிர வைக்கும், தொட்டி 80 லிட்டர் பிடிக்கும். 40 லிட்டர் தண்ணீரை 32 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு ஒரு மணி நேரத்தில் இறக்க ஏறத்தாழ 800 வாட் வெப்பத்தை எடுக்கவேண்டும். உங்கள் 700 வாட்டுக்கு அளவெடுத்த மாதிரி. கேஸ் லைனில் கை வைக்க வேண்டாம், காயில் வளைக்க வேண்டாம், தொட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இன்சுலேஷன் கம்பெனியே போட்டுக் கொடுத்தது. 80 லிட்டர் இருப்பதால் கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் ஓடினாலும் தண்ணீர் 1 டிகிரி ஏற எட்டு நிமிடம் ஆகும். இந்த வேலைக்கு ரெடிமேட் மெஷினைப் பெரிய ஆட்களே எடுத்திருக்கிறார்கள். 2018 ஜூனில் தைபேயில் நடந்த கம்ப்யூடெக்ஸில் இன்டெல் 28 கோர் பிராசசரை 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டியபோது மேசைக்குக் கீழே இருந்தது ஹைலியா கம்பெனியின் 1 ஹெச்பி சில்லர். மீன் தொட்டிக்காரர்கள் வாங்கும் அதே வகைதான்.

ஏசியைத்தான் பயன்படுத்துவேன் என்றால் சில விஷயங்கள். விண்டோ ஏசியில் ஒரே மோட்டாரின் ஒரு முனையில் புளோயர், மறுமுனையில் கண்டென்சர் ஃபேன். புளோயர் சக்கரத்தை மட்டும் கழற்றுங்கள். ஃபேன் ஓடியே ஆகவேண்டும். கூலிங் காயிலை இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காயிலைப் பிடிக்க, மற்றவர் செம்புக் குழாயை நீளமான வளைவாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கவேண்டும். கேப்பிலரி, மெல்லிய குழாய், மடங்கினால் அத்தோடு முடிந்தது. எங்கேயும் அறுக்காதீர்கள், பற்றவைக்காதீர்கள். இப்போதைய மெஷின்களில் இருக்கும் ஆர்32, ஆர்290 கேஸ்கள் தீப்பிடிப்பவை. அந்த வேலை ஏசி மெக்கானிக்குக்கு உரியது. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் ஷாக் அடிக்கும், டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்காதீர்கள்.

காயிலில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் சேர்ந்தே இருக்கின்றன. வெறும் தண்ணீரில் மூழ்கினால் அலுமினியம் அரிக்கும். அரிப்புத் தடுப்பான் சேர்ந்த புரொப்பிலீன் கிளைக்காலை 25 சதவீதம் கலந்துகொள்ளுங்கள். உறைநிலையும் மைனஸ் 10 வரை இறங்கும். கார் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், விஷம். குழந்தைகளும் பூனை நாயும் உள்ள வீட்டில் திறந்த தொட்டியில் ஊற்றவே கூடாது. தொட்டித் தண்ணீர் அசையாமல் நின்றால் காயிலைச் சுற்றி ஐஸ் கட்டும். உள்ளே சின்ன சப்மர்சிபிள் பம்ப் ஒன்று எப்போதும் கலக்கிக்கொண்டே இருக்கட்டும். முதல் தடவை 35 டிகிரித் தண்ணீரில் ஆரம்பிக்கும்போது கம்ப்ரஸருக்கு லோடு கூடும். கிளாம்ப் மீட்டரால் ஆம்பியரைப் பார்த்து, பெயர்ப்பலகையில் உள்ளதைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

எந்த மெஷினாக இருந்தாலும் தொட்டித் தண்ணீரை நேராகக் கம்ப்யூட்டருக்குள் விடாதீர்கள். நடுவில், இரண்டும் கலக்காமல் வெப்பத்தை மட்டும் மாற்றும் ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வையுங்கள்: ஒரு பக்கம் தொட்டித் தண்ணீர், மறுபக்கம் கம்ப்யூட்டரின் சொந்த கூலன்ட். தொட்டியில் பாசி, தூசி, துரு எது வந்தாலும் பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களுக்குள் போகாது. கம்ப்யூட்டர் பக்கம் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் 700 வாட்டுக்கு இரண்டரை டிகிரிதான் ஏறும், அது போதும்.

சில்லர் அறைக்கு வெளியே, பால்கனியில் மழை படாத இடத்தில் இருக்கட்டும். அது 700 வாட்டோடு தன் கம்ப்ரஸர் தின்னும் மின்சாரத்தையும் சேர்த்து வெப்பமாகக் கக்கும். அறைக்குள்ளேயே வைத்தால் அறை ஏசி அந்த வெப்பத்தோடு மல்லுக்கட்டவேண்டி வரும். சுவர் வழியாக வரும் இரண்டு குழாய்களுக்கும் ஏசி பைப்பில் மாட்டும் கருப்பு ஃபோம் ஸ்லீவ் கட்டாயம், ஏனென்றால் பால்கனிக் காற்றின் பனிநிலை 26.

கட்டுப்பாட்டுக்கு எஸ்டிசி-1000 வகை டிஜிட்டல் தெர்மோஸ்டாட் போதும். சென்சார் தண்ணீருக்குள் இருக்கட்டும். கம்ப்ரஸர் டிலேயை (மறுபடி ஓடும் முன் காத்திருக்கும் நேரம்) 3 நிமிடத்துக்கு மேல் வையுங்கள். கரண்ட் போய் உடனே வந்தால், கேஸ் பிரஷர் சமமாகும் முன் கம்ப்ரஸர் திணறிச் சூடாகும். தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் சின்ன ரிலேயில் (சுவிட்ச்) கம்ப்ரஸரை நேராக மாட்டாமல் கான்டாக்டர் (அதிகக் கரண்ட் தாங்கும் சுவிட்ச்) வழியாக மாட்டுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும், அதனால் மெஷினின் பழைய தெர்மோஸ்டாட்டையும் சீரிஸில் விட்டுவைப்பது நல்லது. எர்த் சரியாக இருக்கவேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் இதை ஓட்டவே வேண்டாம்.

இன்னொன்று: அறை ஏசி நின்றால் பனிநிலை மெல்ல ஏறும். மூடிய அறையில் சின்ன மின்தடையால் ஒன்றும் ஆகாது. அரை மணிக்கு மேல் போனால் ரெண்டரைச் சேமித்து கம்ப்யூட்டரையும் பம்பையும் நிறுத்துங்கள். ஏசி இல்லாமல் வேலை செய்யவேண்டிய நாளில் செட்டிங்கை 29க்கு ஏற்றிவிடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் கம்ப்யூட்டரை ஆன் செய்யாமல், பம்புகளையும் சில்லரையும் மட்டும் ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும், பிளாக்கின் அடியிலும், போர்டின் பின்பக்கத்திலும் டிஷ்யூ பேப்பர் சுற்றி வையுங்கள். ஃபிட்டிங்கில் உள்ள பேப்பர் மட்டும் நனைந்தால் கசிவு, எல்லா இடத்திலும் லேசாக ஈரம் தட்டினால் வியர்வை. கசிவென்றால் ஃபிட்டிங்கை இறுக்குங்கள். வியர்வை என்றால் 2 டிகிரி ஏற்றிவிட்டு மறுபடி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.