பூஸ்ட்டைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை: பழைய போர்ஷே 944 டர்போ

கேள்வி: ஜெர்மனியில் டோர்ட்முண்டில் வசிக்கிறேன். 1987ஆம் ஆண்டின் போர்ஷே 944 டர்போ ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பட்டை) மாற்றியதற்கு பில் எதுவும் கையில் இல்லை. ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினாலும் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) காட்டும் மீட்டர் 1.5க்கு மேல் ஏறுவதில்லை. எஞ்சின் கணினியின் சிப்பை மாற்றினால் 280 குதிரைத்திறன் கிடைக்கும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அதற்கான காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இந்தக் காரின் பூஸ்ட் மீட்டர் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தே காட்டுவது. எஞ்சின் அணைந்திருக்கும்போதும் முள் 1இல் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே 1.5 என்றால் டர்போ கொடுப்பது அரை பார் (bar, அழுத்தத்தின் அலகு) மட்டுமே. நல்ல நிலையிலுள்ள காரில் முள் 1.7ஐத் தாண்ட வேண்டும். 220 குதிரைத்திறன் என்று நம்பி வாங்கிய காரில் அதுவே முழுமையாக இல்லை.

ஆனால் பூஸ்ட்டைத் தேடுவதற்கும் முன்னால் பெல்ட். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். பில் இல்லாத பெல்ட்டைப் பழைய பெல்ட் என்றே கொள்ள வேண்டும்; மாற்றும் வரை காரை எடுக்காதீர்கள். அதன் அருகிலேயே பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கென்று தனி பெல்ட் ஒன்றும் ஓடுகிறது (நான்கு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வை அடக்கும் இந்த ஏற்பாட்டுக்கு போர்ஷே, மிட்சுபிஷியிடம் உரிமம் பெற்றது). இரண்டு பெல்ட்டுகள், அவற்றின் ரோலர்கள், வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றிவிடுவதே சிக்கனம். புதிய பெல்ட் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் தளரும் என்பதால், அதன் இழுவிசையை ஒரு முறை மீண்டும் அளக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த அரை பாருக்கு வருவோம். எஞ்சினுக்குள் செல்லும் காற்றை டர்போவுக்கு முன்னாலேயே அளந்துவிடும் அமைப்பு இது. டர்போவுக்குப் பின் எங்கேனும் ஹோஸ் வெடித்திருந்தால், அளக்கப்பட்ட காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிட, கணினி அந்த இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோலைத் தெளிக்கும். சைலன்சர் முனையை விரலால் தடவிப் பாருங்கள். கருங்கரி அப்பினால் ஐயம் பெரும்பாலும் உறுதியாகிறது. சோதிப்பதற்குக் கருவி ஏதும் வாங்க வேண்டியதில்லை. டர்போவின் காற்று நுழைவாயிலை டயர் வால்வு பொருத்திய மூடியால் அடைத்து, எஞ்சினின் மூச்சுக்குழாயையும் மூடிவிட்டு, கால்பம்பால் அரை பார் அளவுக்குக் காற்றேற்றி, இணைப்புகள்மேல் சோப்பு நீரைப் பூசினால், கசியும் இடத்தில் நுரை கிளம்பும். என் பட்டறைக்கு வரும் 944களில் குற்றவாளி பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் விரல் தடிமன்கூட இல்லாத ரப்பர் ஹோஸ்தான்; வளைத்தால் பிஸ்கட் போல் முறிகிறது. ஒன்று முறிந்தால் மற்றவற்றின் வயதும் அதுவே, எல்லாவற்றையும் மாற்றுங்கள். பெட்ரோல் ஹோஸ்களுக்கும் இது பொருந்தும்; அங்கே கசிவு என்றால் தீ. நுரையே வராவிட்டால், பூஸ்ட் எல்லை மீறாமல் தடுக்கும் வால்வான வேஸ்ட்கேட்டைச் சந்தேகியுங்கள். ஸ்பிரிங் தளர்ந்த வேஸ்ட்கேட் முன்கூட்டியே திறந்து, டர்போவைச் சுழற்ற வேண்டிய புகையைச் சைலன்சருக்கு அனுப்பிவிடும்.

முள் 1.7ஐத் தொட்ட பிறகு திறனைக் கூட்டுவது பற்றிப் பேசலாம். 280ஐ விட 250ஐ இலக்காக வையுங்கள் என்பேன். 1988இல் போர்ஷேவே வெளியிட்ட டர்போ எஸ்ஸின் திறன் அது. பெரிய டர்போ, வலுவான கிளட்ச், போர்ஷேயின் பெரிய காரான 928 எஸ்4 ரக முன் பிரேக்குகள் என்று அதற்கு ஈடான பாகங்களையும் சேர்த்தே கொடுத்தார்கள். வெறும் சிப் மட்டும் பூஸ்ட்டை ஏற்றும், பிரேக்கை ஏற்றாது. இரண்டாம் சிலிண்டரின் கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) பேரிங் இந்த எஞ்சினின் அறியப்பட்ட பலவீனம் என்பதால், கூடுதல் சுமை ஏற்றுமுன் அதையும் பார்த்துவிடுவது நல்லது.

ஜெர்மனியில் சட்டமும் உண்டு. திறனை மாற்றும் எந்த வேலையையும் பரிசோதகர் அங்கீகரித்து வாகனப் பத்திரத்தில் பதியாவிட்டால் காரின் இயக்க அனுமதி செல்லாமல் போகும். காப்பீட்டிலும் சிக்கல் வரும். 30 ஆண்டு கடந்த காருக்கான எச் நம்பர் பலகையும், ஆண்டுக்கு ஏறத்தாழ 191 யூரோ என்ற நிலையான வரியும் வேண்டுமானால், மாற்றங்கள் அந்தக் காலத்துக்கு உரியனவாக இருக்க வேண்டும். டர்போ எஸ் பாகங்களுக்கு அந்த வாதம் எளிது, நவீன டர்போவுக்குக் கடினம். எதையும் வாங்குமுன் பரிசோதகரிடம் பேசிவிடுங்கள்.

கடைசியாக, பெல்ட்டை மாற்றியதும் செய்யக்கூடியது ஒன்று. நன்றாகச் சூடேறும்வரை ஓட்டியபின் எஞ்சினை அணைத்துவிட்டுக் கதவருகே நில்லுங்கள். டர்போவின் உடலுக்குக் குளிரூட்டும் நீரைச் செலுத்தும் சிறு மின்பம்ப் சற்று நேரம் ரீங்காரமிட வேண்டும். ஒலி கேட்கவில்லையென்றால், அதையும் மாற்றச் சொல்லுங்கள்.